பின் டயர் ஓடுவது இருபதாயிரம் கிலோமீட்டரா, முப்பதாயிரமா? பல்சரில் என் அனுபவம்

மருந்து கம்பெனியில் ரெப் வேலை. திருநெல்வேலியில் வீடு. கோவில்பட்டி, தூத்துக்குடி, தென்காசி, வள்ளியூர் என்று வாரம் முழுக்க வண்டியில்தான் பிழைப்பு. வண்டி பல்சர் 150. டயர் அளவு முன்னால் 80/100-17, பின்னால் 100/90-17, இரண்டும் ட்யூப்லெஸ். பின் சீட்டில் ஆள் ஏறுவது அபூர்வம், சாம்பிள் பை மட்டும் எப்போதும் இருக்கும். மீட்டர் லட்சத்தைத் தாண்டிவிட்டது. கெட்டி ரப்பர், மெது ரப்பர் இரண்டு வகை டயரையும் மொட்டையாகும் வரை ஓட்டிப் பார்த்தாயிற்று.

நான் சொல்ல வருவது இதுதான்: அதிக கிலோமீட்டர் வரும் என்பதற்காகக் கெட்டி ரப்பர் டயரைத் தேடிப் போகாதீர்கள். நன்றாகப் பிடிக்கிற டயரை வாங்குங்கள். அதன் ஆயுளை நீட்டுவது நம் கையில்தான் இருக்கிறது.

கெட்டி டயர் பின்னால் 35,000 கிலோமீட்டர் வரை வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் மழைக்குத் தார் ரோட்டில் எண்ணெயும் தூசியும் மிதக்கும் பாருங்கள், அப்போது ஸ்பீடு பிரேக்கரின் வெள்ளைப் பெயிண்ட் மேல் பிரேக்கை லேசாகத் தொட்டாலே பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். மெது ரப்பர் டயர் அதே இடத்தில் அப்படிப் பயமுறுத்தவில்லை. ஆயுள்தான் குறைவு, எனக்கு 24,000 வரை வந்தது. நண்பர்கள் பலர் அதே டயரை 17, 18 ஆயிரத்திலேயே மாற்றுகிறார்கள்.

காசுக் கணக்கையும் பார்த்துவிடலாம். கெட்டி டயர் 2,100 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 6 காசு. மெது டயர் 2,800 என்றால் 12 காசுக்குள். வித்தியாசம் 6 காசு. பெட்ரோலுக்கே கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் போகிறது. மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட்டினாலும் டயரில் கூடுதலாகப் போவது 180 ரூபாய்தான். மழையில் விழுந்தால் ஹேண்டில்பாரும் கிராஷ் கார்டும் மாற்றவே அதைப் போலப் பத்து மடங்கு ஆகும், கை கால் தனி.

எம்ஆர்எஃப் நல்லதா, சியட் நல்லதா, மதுரை பக்கத்தில் செய்கிற டிவிஎஸ் யூரோகிரிப் நல்லதா என்று கேட்பவர்கள் நிறைய. அந்தக் கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே கம்பெனி மைலேஜுக்கென்று ஒரு மாடலும் பிடிப்புக்கென்று ஒரு மாடலும் விற்கும். கடையில் கம்பெனி பெயரைக் கேட்காமல் எந்த மாடல், எதற்குச் செய்தது என்று கேளுங்கள். நாலைந்து டயரை நகத்தால் அழுத்திப் பார்த்தாலே ரப்பரின் குணம் ஓரளவு பிடிபடும்.

அப்புறம் காற்று. டயர் ஆயுளில் பாதி இதில்தான் இருக்கிறது. என் வண்டிக்குக் கம்பெனி சொல்வது முன்னால் 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பின்னால் தனியாகப் போனால் 28, ஆள் ஏறினால் 32. பெட்ரோல் பங்கில் நின்று ஒன்றும் சொல்லாமல் இருந்தால் முன்னால் முப்பது, பின்னால் நாற்பது என்று அடித்துவிடுவார்கள். காற்று கூடினால் டயர் உப்பி, நடுப்பகுதி மட்டும் ரோட்டில் படும். நெடுஞ்சாலையில் நேராகவே ஓட்டுகிற என்னைப் போன்றவர்களுக்கு நடு ஏற்கெனவே தேய்கிற இடம், அது இன்னும் சீக்கிரம் சப்பையாகிவிடும். குறைந்தால் வேறு தொல்லை. பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்வதில் சூடேறும். சூடேறிய ரப்பர் சீக்கிரம் கரையும், பெட்ரோல் மைலேஜும் குறையும்.

காற்றழுத்தம் அளக்கச் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வைத்திருக்கிறேன். பங்கில் இருக்கிற மீட்டர் ஆயிரம் பேர் கைபட்டது, ஒவ்வொரு பங்கிலும் ஒவ்வொன்று காட்டும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். டயருக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். சித்திரை வெயிலில் கோவில்பட்டி போய் இறங்கியதும் அளந்தால் 28 இருந்த இடத்தில் 32, 33 காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றைத் திறந்துவிட்டால் மறுநாள் காலையில் டயர் குறைவாக நிற்கும். நைட்ரஜன் அடிக்கலாமா என்றால், அடிக்கலாம், கெடுதல் இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு கொடுத்து அடித்துவிட்டு இரண்டு மாதம் பார்க்காமல் விடுவதைவிட, ஓசிக் காற்றை வாரம் ஒருமுறை பார்ப்பது மேல்.

எங்கள் பக்கத்தில் காற்று இறங்குவதற்கு முக்கியக் காரணம் சீமைக் கருவேல முள். எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் போய் வந்தால் டயரில் ஒன்றாவது குத்தியிருக்கும். ட்யூப்லெஸ்ஸில் முள் குத்தியதே தெரியாது. முள் தானே அடைப்பாக இருந்துகொண்டு நாளுக்கு ஒன்று, இரண்டு பிஎஸ்ஐயாகக் கசியவிடும். நாமும் பஞ்சர் இல்லை என்று நினைத்து 20-லேயே ஓட்டிக்கொண்டிருப்போம். டயர் வீணாவது இந்த மாதிரி நேரத்தில்தான். ஒரே டயரில் அடிக்கடி காற்று குறைந்தால் சோப்புத் தண்ணீர் தடவிச் சுற்றிப் பாருங்கள். வால்விலும் பார்க்க வேண்டும். எங்கள் பஞ்சர் கடை அண்ணாச்சி அதற்கு எச்சிலைத் தொட்டு வைப்பார். குமிழ் வந்தால் உள்ளே இருக்கும் பின்னை மாற்றிவிடுவார், பத்து இருபது ரூபாய் வேலை. முள்ளைக் கண்ட இடத்தில் பிடுங்காதீர்கள், கடை வாசலுக்குப் போய்ப் பிடுங்குங்கள்.

இனி தேய்மானத்தைப் படிப்பது. முன் டயரில் உள்ளங்கையை வைத்து மெதுவாகச் சுழலும் திசையில் தடவுங்கள், பிறகு எதிர்த் திசையில் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் மாதிரி கையில் தட்டியும் வந்தால், பட்டன்கள் (ரோட்டில் படுகிற ரப்பர் கட்டங்கள்) சரிவாகத் தேய்கின்றன என்று பொருள். முன் டயருக்குப் பிரேக் அழுத்தம் அதிகம் என்பதால் இது கொஞ்சம் வரத்தான் செய்யும். அளவுக்கு மீறி வந்தால் காற்று குறைவு, அல்லது கோன் செட் (ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்) லூஸ், அல்லது முன் ஃபோர்க்கில் (ஷாக் அப்சார்பரில்) ஆயில் இல்லை. என் வண்டியில் 70-ல் போகும்போது ஹேண்டிலில் ஒரு ஆட்டம் இருந்தது. டயரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கோன் செட் மாற்றியதும் ஆட்டம் நின்றது, அதற்குப் பிறகு அதே டயர் ஒழுங்காகத் தேய ஆரம்பித்தது.

பின் டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் செயின் டைட் பண்ணிய லட்சணத்தைச் சந்தேகப்படுங்கள். ஒரு பக்க நட்டை மட்டும் கூடுதலாக இழுத்துவிட்டால் சக்கரம் கோணலாக நிற்கும். பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கமும் கோடு போட்டிருப்பதே இரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். அவசரத்தில் மெக்கானிக் பையன்கள் அதைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் நாகர்கோவில் போகிற வழியில் முப்பந்தல் பக்கம் வீசுகிற மேல்காற்றுக்கு வண்டியைச் சாய்த்தே ஓட்டுவதால் ஒரு ஓரம் தேய்கிறது என்று ரெப் நண்பர் ஒருவர் அடித்துச் சொல்வார். நாகர்கோவில் போகும்போது வலது பக்கம் சாய்த்தால் வரும்போது இடது பக்கம் சாய்க்கத்தானே வேண்டும்?

வாட்டர் வாஷ் கடையில் டீசல் அடிப்பதை நான் நிறுத்திவிட்டேன். செயின் அழுக்குப் போகும், பளபளப்பாகவும் இருக்கும், ஆனால் டீசல் ரப்பரைக் கெடுக்கும். டயர் பாலிஷும் வேண்டாம், அது ஓடுகிற பகுதியில் பட்டால் வழுக்கும். இன்னொன்று, பார்க்க எடுப்பாக இருக்கும் என்று 120 மில்லிமீட்டர் அகல டயரை அதே ரிம்மில் ஏற்றுகிறார்கள். ஒடுங்கிய ரிம்மில் அகல டயர் நடுவில் கூம்பி நிற்கும், நடு சீக்கிரம் போய்விடும்.

ஓட்டுகிற விதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்குள் ஸ்பீடு பிரேக்கருக்கு ஸ்பீடு பிரேக்கர் முறுக்கிவிட்டுப் பிரேக் அடிப்பவருக்குப் பின் டயர் நிற்காது. நான்கு வழிச்சாலையில் 90-ல் போவதை 70-க்குக் குறைத்த பிறகு வந்த டயர் கண்ணுக்குத் தெரிய அதிகம் ஓடியது. மாலையில் வீடு சேர்வது கால்மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

எப்போது மாற்றுவது? இரு சக்கர வண்டிக்குச் சட்டப்படி பட்டன் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. பக்கச் சுவரில் தேய்மான அடையாளமாக TWI (டிடபிள்யூஐ) என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு மேடு தெரியும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமானால் டயர் முடிந்தது. நான் அதுவரை காத்திருப்பதில்லை. புரட்டாசி கடைசியில் அளப்பேன். 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றிவிடுவேன். போன முறை கடைக்காரர், "என்ன சார், பட்டன் இருக்கே, இன்னும் ரெண்டு மாசம் ஓடும்" என்றார். ஓடும்தான், ஆனால் அந்த இரண்டு மாதமும் மழைக்காலம். தேய்ந்த டயரில் முள்ளும் ஆணியும் சுலபமாக இறங்குவதால், அந்தக் கடைசி இரண்டாயிரம் கிலோமீட்டரில் மிச்சம் பிடிப்பது பஞ்சருக்கே போய்விடும்.

புது டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. இரண்டு வருடத்துக்கு மேல் கடையில் கிடந்ததைக் கொடுத்தால் வேறு கேளுங்கள், உள்ளே போய்த் தேடி எடுத்து வருவார்கள். சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், மாட்டியதும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். முதல் நூறு கிலோமீட்டருக்குச் சாய்த்து ஓட்டாமல் இருப்பது நல்லது, புது ரப்பரின் மேல்தோல் வழுக்கும். பழைய டயரைக் கடையிலேயே விட்டு வராதீர்கள், அல்லது கத்தியால் கிழித்துவிட்டு வாருங்கள். மொட்டை டயரில் சூடான பிளேடால் கோடு வெட்டிப் புதிது போல விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் நூல் தெரிகிற அளவுக்கு மெலிந்த டயரைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.