டோட்டல் லாஸ் வண்டியா, பழைய வண்டியா?

வேலூரில் செகண்ட் ஹேண்ட் கார் தேடியபோது கடைசியில் இரண்டு ஸ்விஃப்ட் மிஞ்சின. ஒன்று, விபத்தில் அடிபட்டு, சரி செய்யக் கட்டுபடியாகாது என்று இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ் ஆகி, ஏலத்தில் கைமாறிச் சரி செய்யப்பட்ட புது மாடல். இன்னொன்று, சத்துவாச்சாரியில் ஒரே ஓனரிடம் இருந்த பழைய டி.என். 23. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் பழையதை எடுத்தேன். யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

பளபளப்பு, உள்ளே இருக்கும் வசதி எல்லாம் புது மாடலில்தான் அதிகம். அதில் பேச்சே இல்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில், அதாவது இன்சூரன்ஸில் வண்டிக்குப் போட்ட மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் டோட்டல் லாஸ். 4 லட்சம் ஐ.டி.வி. என்றால் எஸ்டிமேட் 3 லட்சத்துக்கு மேல். ஏலத்தில் எடுத்தவர் அவ்வளவும் செலவழித்தால் அவருக்கு என்ன மிஞ்சும்? எங்கேயோ மிச்சம் பிடித்தாக வேண்டும். பம்பரிலும் பெயின்ட்டிலும் பிடித்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால் ஏர்பேக், சீட் பெல்ட், வயரிங், கூரையைத் தாங்கும் பில்லரின் வெல்டிங் என்று தெரியாத இடத்தில்தான் கை வைப்பார்கள். பெங்களூர் ஹைவேயில் குடும்பத்தோடு போகும்போது உயிரைக் காப்பது இவைதான்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். நான் பார்த்த வண்டியில் அது எரியவே இல்லை. "பல்பு போயிருக்கும் சார், மாத்திக்கலாம்" என்றார் விற்க வந்தவர். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம். 2015, 2023 சென்னை வெள்ளங்களில் நனைந்தவை எத்தனையோ. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை அங்கே இருக்கும்.

கம்பெனி சர்வீஸில் முழு பில்லோடு சரி செய்த வண்டி நன்றாகவே ஓடலாம். அப்படி ஒன்றை நான் வைத்து ஓட்டியதில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். அதை எடுப்பதானால் ஆர்.சி. ரத்தாகாமல் இருக்கிறதா என்று அரசின் பரிவாஹன் வெப்சைட்டில் பார்த்துவிட்டே அட்வான்ஸ் கொடுங்கள். ஃபுல் இன்சூரன்ஸ் கிடைக்குமா என்றும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய வண்டிக்கும் செலவு உண்டு. கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், டயர் எல்லாம் மாற்றினேன். எதற்கு எவ்வளவு ஆகும் என்று மெக்கானிக் முன்கூட்டியே சொல்லிவிடுவார். முக்கியமாக, ஆர்.சி.யில் 15 வருஷம் முடிய எவ்வளவு பாக்கி என்று பாருங்கள். இரண்டு மூன்று வருஷம்தான் என்றால், விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள்.