கேட்ட ஃபீல்டு மட்டும் போதும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஆப் போன்ற கிளையன்ட் கேட்கும் ஃபீல்டுகளை (பெயர், தேதி போன்ற தனித்தனித் தகவல்களை) மட்டும் சர்வர் அனுப்பும் ஏபிஐகளோடு, அதாவது இரண்டும் பேசிக்கொள்ளும் வழிகளோடு, சில வருடமாக வேலை செய்கிறேன். பாதி நாள் ரெஸ்ட் ஏபிஐயின் (யூஆர்எல் மூலம் டேட்டா கேட்கும் வழக்கமான முறை) யூஆர்எல்லில் ‘ஃபீல்ட்ஸ்’ பாராமீட்டர், மீதி நாள் கிராஃப்கியூஎல் (வேண்டிய ஃபீல்டுகளைப் பட்டியலிட்டுக் கேட்கும் மொழி). சர்வர் பக்கமும் எழுதியிருக்கிறேன், ஆப் பக்கமும் எழுதியிருக்கிறேன். டேட்டா குறையும், வேகம் கூடும் என்று சொல்லித்தான் எல்லோரும் இதைத் தொடங்குகிறார்கள். எனக்கு இதில் பெரிதாகக் கிடைத்த லாபம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வேகம். ஆர்டர் பட்டியல் காட்டும் திரைக்கு எண், தேதி, நிலை, மொத்தத் தொகை இருந்தால் போதும். சர்வரோ முகவரி, பொருள் விவரம், கட்டண வரலாறு எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டுகிறது. இதை நான்கு ஃபீல்டாக வெட்டினால் ஜேசன் (பதில் வரும் உரை வடிவம்) அளவு நன்றாகவே இறங்கும். ஆனால் ஜிசிப் என்ற சுருக்கும் முறையை ஏற்கெனவே போட்டிருந்தால் நெட்வொர்க்கில் தெரியும் வித்தியாசம் நினைத்த அளவு இருக்காது. திரும்பத் திரும்ப வரும் கீ பெயர்களை ஜிசிப்பே சுருக்கிவிடுகிறது. நீளமான உரையும் உள்ளுக்குள் உள்ளாக வரும் பட்டியல்களும் நீங்கும்போதுதான் பலன் தெரியும். பழைய ஃபோன்களில் பதிலைப் பிரித்துப் படிக்கும் (பார்ஸ் செய்யும்) நேரம் குறைவது தனி லாபம்.

உண்மையான மிச்சம் டேட்டாபேஸில்தான் இருக்கிறது. அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். டேபிளின் எல்லாக் காலத்தையும் (column, நெடுவரிசை) எடுத்து, டேபிள்களை இணைக்கும் எல்லா ஜாயினும் போட்டு, கடைசியில் சீரியலைசரில் (பதிலை ஜேசனாக்கும் பகுதி) வேண்டாததைக் கழற்றிவிட்டால் டேட்டாபேஸ் செய்யும் வேலை துளியும் குறையவில்லை. எங்கள் ஆர்டரில் ‘நிலுவைத் தொகை’ என்று ஒரு ஃபீல்டு உண்டு. அதற்குக் காலம் கிடையாது, கட்டண டேபிளைக் கூட்டித்தான் வரும். பட்டியல் அதைக் கேட்காதபோது அந்தக் கூட்டலே ஓடக்கூடாது. அதனால் எந்த ஃபீல்டுக்கு எந்தக் காலம், எந்த ஜாயின் என்று ஒரு மேப் எழுதி வைத்தோம். பார்க்க எளிது, பராமரிக்கச் சலிப்பான வேலை. ‘முழுப்பெயர்’ கேட்டால் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டு காலமும் வேண்டும். மேப்பில் ஒன்று விட்டுப்போனால் ஜாங்கோவில் இருப்பது போன்ற ஓஆர்எம் (கோடுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நின்று குவெரி எழுதித் தரும் லைப்ரரி) எர்ரர் தராது. விட்டுப்போன காலத்துக்காக ஒவ்வொரு வரிசைக்கும் தனியாக ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் ஒரு கேள்வி) ஓட்டும். வேகத்துக்காகச் செய்த வேலையே பக்கத்தை நொண்ட வைக்கும். எண்ட்பாயிண்ட் (ஏபிஐ முகவரி) ஒவ்வொன்றுக்கும் குவெரி எண்ணிக்கையைச் சரிபார்க்கும் டெஸ்ட் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

கிராஃப்கியூஎல்லிலும் இதே தலைவலிதான், உருவம் வேறு. 2012-ல் ஃபேஸ்புக் கிராஃப்கியூஎல்லைத் தன் மொபைல் ஆப்புக்காகத் தொடங்கி, 2015-ல் வெளியே விட்டது. பல திரைகள், ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த டேட்டா என்று இருந்தால் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் ரிசால்வர்கள் (ஒவ்வொரு ஃபீல்டுக்கும் டேட்டா எடுத்து வரும் ஃபங்ஷன்கள்) தனித்தனியாக ஓடுவதால் டேட்டாலோடர் (கேள்விகளைச் சேர்த்து ஒரே தடவையில் கேட்கும் கருவி) மாதிரி ஒன்று இல்லாவிட்டால் குவெரி மழைதான். அடுத்தது, ஒரு ஃபீல்டு உடைந்தாலும் பதில் 200 (எல்லாம் சரி) என்றே வரலாம். எர்ரர் உள்ளே ஒரு பட்டியலில் இருக்கும். ஹெச்டிடிபி ஸ்டேட்டஸை மட்டும் எண்ணும் மானிட்டரிங் டாஷ்போர்டு பச்சையாகவே இருக்கும், பயனருக்குத் திரை காலி. யார் வேண்டுமானாலும் எவ்வளவு ஆழமாகவும் கேட்கலாம் என்பதால் குவெரிக்கு அதன் கனத்தைப் பொறுத்து விலை போட்டாக வேண்டும். கிட்ஹப் இதைப் பாயிண்ட் கணக்கில் செய்கிறது, சாதாரணப் பயனருக்கு மணிக்கு 5,000.

கேஷ் (வந்த பதிலைச் சேமித்து வைத்துத் திரும்பக் கொடுக்கும் இடம்) பற்றி ஒரு வார்த்தை. ஒரே ஃபீல்டுகளை வேறு வரிசையில் கேட்டால் கேஷுக்கு அது வேறு யூஆர்எல். வரிசைப்படுத்தி அனுப்பச் செய்தாலும் சேர்க்கைகள் பெருகிக்கொண்டே போகும். அதனால் பல இடங்களில் ‘சுருக்கம்’, ‘முழுமை’ என்று இரண்டே வடிவம் வைத்துவிட்டேன். கூகுளின் ஏபிஐ வடிவமைப்பு விதிகளிலும் பேசிக், ஃபுல் என்ற இந்த வழி இருக்கிறது. நேர்மாறான உதாரணமும் கூகுளிடமே உண்டு. இடங்களின் விவரம் தரும் புதிய பிளேசஸ் ஏபிஐயில் ஃபீல்டு மாஸ்க் (வேண்டிய ஃபீல்டுகளின் பட்டியல்) தராவிட்டால் எர்ரர்தான் வரும். எந்த ஃபீல்டு கேட்கிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டணமும் மாறும். பில் வரும் என்று தெரிந்தால் யாரும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஃபீல்டு கேட்பதில்லை! எங்களுடையது போல இலவசமான உள் ஏபிஐயில், பக்கத்துத் திரையின் நீளப் பட்டியலை அப்படியே காப்பி பேஸ்ட் செய்வதுதான் வழக்கம்.

ஆப் எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாதி ஃபீல்டோடு வந்த ஆப்ஜெக்ட்டைத் திருத்தி, புட் (PUT, முழு ஆப்ஜெக்ட்டையும் மாற்றி எழுதும் கோரிக்கை) வழியாக அப்படியே திருப்பி அனுப்பினால், கேட்காத ஃபீல்டுகள் சர்வரில் காலியாகிவிட வாய்ப்பு உண்டு. நல் (null, காலி என்றே வந்த மதிப்பு) வேறு, வராதது வேறு. திருத்தத்துக்குப் பேட்ச் (PATCH, மாறியதை மட்டும் அனுப்பும் கோரிக்கை) வையுங்கள். இன்னொன்று, ஃபீல்டு தேர்வு அனுமதிச் சோதனை ஆகாது. திரை கேட்கவில்லை என்பதற்காகச் சம்பள ஃபீல்டு பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தால், பெயரை ஊகித்துக் கேட்பவருக்கு அது போய்ச் சேரும்.

இப்போது அந்தப் பெரிய லாபம். சாதாரண ரெஸ்ட்டில் ஒரு பழைய ஃபீல்டை எடுத்துவிடலாமா என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. எல்லோருக்கும் எல்லாம் போவதால் யார் எதைப் படிக்கிறார்கள் என்பதற்குத் தடயமே இல்லை. ஃபீல்டைப் பெயர் சொல்லிக் கேட்கும்போது அது லாகில் (சர்வரின் பதிவேட்டில்) விழுகிறது. ஆப்பின் எந்த வெர்ஷன் எந்த ஃபீல்டைக் கேட்டது என்று எடுத்துப் பார்த்து, டெப்ரிகேட்டட் (இனி பயன்படுத்த வேண்டாம்) என்று குறித்து, பழைய வெர்ஷன்கள் உதிர்ந்த பிறகு தைரியமாக நீக்குகிறோம். காப்பி பேஸ்ட் பட்டியல்களால் லாகில் கொஞ்சம் பொய்க் கணக்கு சேரும்தான், ஆனாலும் இருட்டில் தடவுவதற்கு இது எவ்வளவோ மேல். இந்த ஒரு வசதிக்காகவே எல்லாத் தொல்லையையும் பொறுத்துக்கொள்வேன்.

புதிதாக ஒன்று தொடங்கினால், இரண்டு மூன்று திரை மட்டும் என்றால் ‘ஃபீல்ட்ஸ்’ பாராமீட்டரோடு ரெஸ்ட்டே போதும் என்பேன். அதில் இரண்டை மட்டும் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். தெரியாத ஃபீல்டு பெயர் வந்தால் கண்டுகொள்ளாமல் விடாமல் 400 (கோரிக்கை தவறு) கொடுங்கள். எதுவும் கேட்காமல் வந்தால் சின்ன வடிவத்தைக் கொடுங்கள். டீஃபால்ட்டாக எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் பாராமீட்டரை யாரும் தொடவே மாட்டார்கள், லாகும் காலியாகவே கிடக்கும்.