சைனாடவுனா, தேக்காவா, எஸ்பிளனேடா? சிங்கப்பூர்ல செப்டம்பர்லேர்ந்து நவம்பர் வரைக்கும் எங்க போகலாம்

சிங்கப்பூர்ல இலை உதிர்ற காலம்னு ஒண்ணு கிடையாது, வருஷம் பூரா ஒரே புழுக்கம்தான், ஆனாலும் செப்டம்பர் பொறந்துட்டா நவம்பர் வரைக்கும் டவுன் பக்கம் ஏதாவது ஒரு விழா நடந்துக்கிட்டே இருக்கும். முதல்ல சைனாடவுன்ல மூன்கேக் திருவிழா, பின்னாடியே தேக்காவுல, அதாவது லிட்டில் இந்தியாவுல, தீபாவளி ஒளியூட்டு, தீபாவளிக்கு முன்னாடி தீமிதி, அப்புறம் எஸ்பிளனேடு கலை அரங்கத்துல கலா உற்சவம்ங்கற இந்தியக் கலை விழா. ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, ஒரு சாயங்காலம்தான் ஃப்ரீ, எங்க கூட்டிட்டுப் போறதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. எந்த இடத்துல லைட்டு ஜோருன்னு பாக்காம, கூட வர்றது யாருன்னு பாத்து முடிவு பண்ணுங்கங்கறதுதான் என் கருத்து.

தேதிய முதல்ல பாத்துக்கோங்க. சீனர் விழா அவங்க நிலாக் காலண்டர்ல எட்டாவது மாசம் பௌர்ணமிக்கு வரும், நம்ம தீபாவளி ஐப்பசி அமாவாசைய ஒட்டி வரும், அதனால ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி வருஷா வருஷம் மாறும். 2025ல அக்டோபர் 6, அக்டோபர் 20னு ரெண்டே வாரம்தான், அந்த மாதிரி வருஷத்துல ஒரே நாள்ல ரெண்டு ஏரியா லைட்டையும் பாத்துட்டு வந்துடலாம். 2026ல செப்டம்பர் 25, நவம்பர் 8, ஒரு மாசத்துக்கு மேல கேப் இருக்கு, தனித்தனியா பிளான் பண்றதுதான் வசதி.

சின்னப் பிள்ளைங்க இருந்தா யோசிக்காம சைனாடவுன். யூ டோங் சென் ஸ்ட்ரீட், நியூ பிரிட்ஜ் ரோடு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடற பெரிய ரோடு, அது மேல பெரிய பெரிய விளக்கு பொம்மைங்கள நிறுத்துவாங்க, அடிவாரத்துல நின்னு பாக்கறப்ப பிள்ளைங்க வாயத் தொறந்தது மூடாது. கையில ஒரு லாந்தர் வாங்கிக் குடுத்துட்டா போதும், பாட்டு பாடற பேட்டரி லாந்தர் எல்லா கடையிலயும் இருக்கு, ஆனா கலர் பேப்பர்ல மடிச்சு உள்ள குட்டி மெழுகுவத்தி வைக்கிற பழைய லாந்தர் கிடைச்சா அதையே வாங்குங்க, காத்துல அணையாம ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு பிள்ளைங்க நடக்கறத பாத்தா அந்த விழா எதுக்குன்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

மூன்கேக் விஷயத்துல மட்டும் அவசரப்படாதீங்க. தாமரை விதைய அரைச்சு செஞ்ச இனிப்புப் பூரணம், நடுவுல உப்புல ஊறின வாத்து முட்டை மஞ்சக்கரு, வெட்டினா முழு நிலா மாதிரியே தெரியும். ஆனா செம திகட்டல், ஒரு கேக்க எட்டாப் போட்டு ஆளுக்கு ஒரு துண்டு, கூட சக்கரை போடாத சீன டீ, அப்படித்தான் சாப்பிடணும். வீட்ல சைவம்னா கடையில கேட்டுட்டு வாங்குங்க, மஞ்சக்கரு இல்லாததும் இருக்கு, ஆனா பழைய பாணி சிலதுல பன்றிக் கொழுப்பு சேர்ப்பாங்க. எடுத்த எடுப்புல நாலு கேக் டப்பா வாங்கி காசக் கரைக்காம, சாம்பிள் குடுக்கற கடையில ருசி பாத்துட்டு ஒண்ணு மட்டும் வாங்கிப் பாருங்க.

தேக்கா வேற மாதிரி. சிராங்கூன் ரோடு, ரேஸ் கோர்ஸ் ரோடு மேல வளைவு வளைவா லைட்டு, லிஷாங்கற கடைக்காரங்க சங்கம்தான் வருஷா வருஷம் முன்ன நின்னு செய்யறாங்க. லைட்டு அழகுதான், ஆனா வெறும் லைட்டுக்காகன்னா டாக்ஸியிலயோ பஸ்ஸிலயோ உக்காந்து ஒரு தடவ போயிட்டு வந்தாலே முடிஞ்சுது. தேக்காவோட உயிர் கீழ இருக்கு. சைனாடவுனுக்கு பாதி பேர் வேடிக்கை பாக்க வர்றாங்க, இங்க வர்ற பெரும்பாலானவங்க வீட்டுக்கு சாமான் வாங்க வர்றவங்க. பஃபலோ ரோட்டுல காய்கறிக் கடை ஓரமா மல்லிப்பூ அளந்து குடுப்பாங்க, தேக்கா சென்டர் மாடியில புடவை, சுடிதார், பக்கத்துலயே தையக்காரர் உக்காந்திருப்பார், கீழ ஈரச் சந்தையில தீபாவளிக்கு முந்தின நாள் ஆட்டுக்கறிக்கு வரிசை நிக்கும். தீபாவளிக்குப் போடற பசார் சந்தைப் பக்கம் போனா அகல் விளக்கு, ஒட்டற கோலம், டப்பா டப்பாவா முறுக்கு, மருதாணி போட நீளமா ஒரு வரிசை. ஊர்லேர்ந்து வந்த அம்மாவ இங்க கூட்டிட்டு வந்தா, கடைக்காரர்கிட்ட தமிழ்லயே பேரம் பேசுவாங்க, உங்க துணையே வேண்டாம், வெளிநாட்டுல வந்து அவங்க தனியா நிமிந்து நடக்கற ஒரே இடம் இதுவாத்தான் இருக்கும், அதுக்காகவே தேக்காவுக்கு என் ஓட்டு.

ஞாயித்துக்கிழமை கூட்டம் ஜாஸ்தி, போகாதீங்கன்னு சொல்றவங்க உண்டு. கைக்குழந்தையோட போறவங்களுக்கு அது சரி. ஆனா அந்தக் கூட்டத்துல பெரும்பகுதி கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலை பாக்கற நம்ம ஆளுங்க, அவங்களுக்கு லீவு அன்னிக்கு மட்டும்தான், ஊருக்கு பணம் அனுப்பறது, கூட்டாளிங்கள பாக்கறது, வீட்டுக்கு வீடியோ கால்ல லைட்டக் காட்டறது எல்லாம் அன்னிக்கேதான். இந்த தீபாவளி முதல்ல அவங்களோடது, அத மனசுல வெச்சுக்கிட்டு முகம் சுளிக்காம போங்க.

முட்டி வலி இருக்கற பெரியவங்கன்னா எஸ்பிளனேடு. உள்ள ஏசி, உக்கார இடம், சுத்தமான டாய்லெட், மழை வந்தாலும் கவலை இல்ல, இந்த மாசங்கள்ல சாயங்காலம் திடீர்னு இடி மழை கொட்டும். மூன்கேக் சமயத்துல மூன்ஃபெஸ்ட்ங்கற சீனக் கலை விழா, நவம்பர் வாக்குல கலா உற்சவம், ரெண்டுலயும் இலவச நிகழ்ச்சிங்க நிறைய, டிக்கெட் கச்சேரி தனி. பரதமும் கர்நாடக சங்கீதமும் பிடிச்சவங்களுக்கு அருமை. ஆனா திருவிழாவுக்குப் போன நெறைவு அங்க எனக்கு கிடைக்கறதில்ல, நல்ல கச்சேரி கேட்ட நெறைவு கிடைக்கும், அது வேற இது வேற.

போக்குவரத்துல பெரிய வித்தியாசம் இல்ல. சைனாடவுனும் லிட்டில் இந்தியாவும் ஒரே வடகிழக்கு எம்ஆர்டி ரயில் லைன்தான், ஒண்ணுலேர்ந்து மூணாவது ஸ்டேஷன் இன்னொண்ணு. கார் எடுத்துட்டு போறத மறந்துடுங்க.

இதையெல்லாம் விட நான் முதல்ல வைக்கிறது தீமிதி, பட்டியல் போடறப்ப நிறைய பேர் இத விட்டுடறாங்க. தீபாவளிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்னாடி, சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயில்லேர்ந்து கிளம்பி சுமார் 4 கிலோமீட்டர் நடந்து சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு வருவாங்க. அதாவது தேக்காவுல ஆரம்பிச்சு சைனாடவுன்ல முடியுது! அந்தக் கோயில் 1827ல நாராயண பிள்ளை ஆரம்பிச்சது, அதே தெருவுல தமிழ்நாட்டுக் கரையோரத்துலேர்ந்து வந்த சூலியா முஸ்லிம்கள் கட்டின ஜாமிஆ பள்ளிவாசல் இருக்கு, சைனாடவுன்னு பேர் வெச்சிருக்கற இடத்துல நம்ம ஆளுங்க இருநூறு வருஷமா இருக்காங்கங்கறத பிள்ளைங்களுக்கு காட்ட இத விட நல்ல ராத்திரி கிடையாது. மஞ்ச வேட்டி, கையில வேப்பிலை, கோவிந்தா கோவிந்தான்னு சத்தம், தலைமைப் பூசாரி கரகத்தோட முதல்ல பூக்குழி எறங்குவார், பின்னாடி ஆயிரக்கணக்குல பக்தருங்க, குழி தாண்டினதும் பால்ல கால வெச்சுட்டு போவாங்க.

கோயிலுக்குள்ள போய்ப் பாக்கறது அன்னிக்கு ரொம்ப கஷ்டம், விரதம் இருந்து குழி எறங்கறவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும்தான் அங்க இடம் வேணும். நீங்க ஊர்வலம் வர்ற வழியில ஓரமா நில்லுங்க, தண்ணி பாட்டில் கொண்டு போங்க, எந்தெந்த ரோடு எப்போ மூடறாங்கன்னு கோயில் அறிவிப்ப பாத்துட்டு, மறுநாள் லீவு போட முடிஞ்சா போட்டுட்டு வாங்க, முடிய விடியக்காலை ஆயிடும்.