போர் தண்ணியும் பழைய வாஷிங் மெஷினும்: ஆறு வருட அனுபவம்

எங்கள் வீட்டில் இப்போது ஓடுவது ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கிய, மேலே மூடி திறந்து துணி போடும் பழைய டாப் லோடு மெஷின். 6.5 கிலோ. 2019 அக்டோபரில் வாங்கியபோதே அதற்கு மூன்று வயது. அதற்கு முன்னால் ஒன்பதாயிரத்து ஐந்நூறு கொடுத்து வாங்கிய, முன்பக்கம் கதவு உள்ள பழைய ஃபிரண்ட் லோடு பதினோரு மாதத்தில் படுத்துவிட்டது. இரண்டையும் தேடிப் பிடித்தது நான்தான், இரண்டுக்கும் திட்டு வாங்கியதும் நான்தான். நாங்கள் இருப்பது சென்னையில் மேடவாக்கம் பக்கம். ஐந்து பேர், முதல் மாடி, போர் தண்ணி. குழாயைத் திறந்தால் வாளியில் இரண்டே வாரத்தில் வெள்ளைப் படிவு கட்டும் தண்ணீர்.

முதல் மெஷினைக் கடையில் வாங்கினேன். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. கடைக்காரர் பிளக்கைச் சொருகி வெறும் டிரம்மை ஓட்டிக் காட்டினார். பஞ்சு மாதிரி சுற்றியது. மயங்கிவிட்டேன். துணியே இல்லாமல் சுற்றினால் சாகக் கிடக்கிற மெஷின்கூட அழகாகத்தான் சுற்றும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆறு மாதம் கழித்து, பிழியும்போது கிரைண்டருக்குள் ஜல்லி விழுந்த மாதிரி ஒரு சத்தம். போர்வை போட்டால் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். பதினோராவது மாதம் மெக்கானிக் தம்பி வந்து கதவைத் திறந்தார். டிரம்மின் மேல் விளிம்பை உள்ளேயிருந்து இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். டொக். விட்டார். டொக்.

“அக்கா, பேரிங் ஆடுது. பின்னாடி ஸ்பைடரும் போயிருக்கும். வாங்கும்போதே தூக்கிப் பார்த்திருக்கலாமே?”

எனக்கு யார் சொன்னார்கள், தூக்கிப் பார்க்கணும் என்று! சில மாடல்களில் வெளித்தொட்டியை ஒட்டியே மூடிவிடுகிறார்கள். பேரிங் மட்டும் மாற்ற முடியாது, தொட்டியோடு மாற்ற வேண்டும். எங்களுடையது நல்லவேளையாகத் திருகாணி போட்டது. பிரித்துக் காட்டினார். டிரம்மின் முதுகைத் தாங்கும் மூன்று கால் அலுமினியத் துண்டுதான் ஸ்பைடர். அதில் ஒரு கால் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி விரலால் தொட்டதும் உதிர்ந்தது. டிரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கால் அலுமினியம். உப்புத் தண்ணியும் சோப்புத் தண்ணியும் நடுவில் தேங்கினால் அலுமினியம்தான் அரித்துப்போகும். வெளியே டிரம் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருக்கும், பின்னால் இந்தக் கதை நடக்கும். சரிசெய்ய ஐயாயிரத்து ஐந்நூறு கேட்டார். பழைய இரும்புக்காரரிடம் எண்ணூறுக்குப் போட்டேன்.

ஆனால் அதன் மேல் ஒரு நன்றி உண்டு. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணிக்கு நாள்கணக்கில் காத்துக் கிடந்தபோது, அந்த ஃபிரண்ட் லோடு சிக்கனமாகத் துவைத்துக் கொடுத்தது. இப்போதைய டாப் லோடு எவ்வளவு குடிக்கிறது என்று ஒருநாள் டிரெயின் குழாயை வாளிக்குள் விட்டு எண்ணினேன். 15 லிட்டர் வாளி, எட்டு தடவை. அதாவது ஒரு தடவை துவைக்க 120 லிட்டர். தண்ணீர்க் கஷ்டம் உள்ள வீடு என்றால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாவதற்குத் தேடும்போது விற்பவர்களிடம் நான் கேட்ட முதல் கேள்வி “எத்தனை வருஷம் ஆச்சு?” இல்லை, “உங்க வீட்டுல என்ன தண்ணி?” நாலைந்து பேர் விநோதமாகப் பார்த்தார்கள். அண்ணா நகரில் ஒரு குடும்பம் டெல்லிக்கு மாற்றலாகிப் போகிறார்கள், போர் இல்லை, குடிநீர் வாரியம் விடும் மெட்ரோ தண்ணி. சரி என்று நேரில் போனேன். பின்னால் தண்ணீர் வரும் ஹோஸைக் கழற்றினால் வாயில் ஒரு குட்டி வலை இருக்கும். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது மாதிரி அந்த வலையைப் பாருங்கள். எங்கள் ஏரியா மெஷினில் அது சுண்ணாம்பு பூசியது போல இருக்கும். அங்கே சுத்தமாக இருந்தது. ஆனால் வலையை மட்டும் தேய்த்துக் கழுவி வைத்திருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் தொட்டிக்குள் அடியில் சுழலும் பல்சேட்டர் தட்டின் அடிப்பக்கத்திலும் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

கையோடு வீட்டிலிருந்து இரண்டு பெட்ஷீட் கொண்டு போயிருந்தேன். “அம்மா, ஒரு முழு ஓட்டம் ஓட்டிப் பார்த்துக்கிறேனே” என்றதும் அந்த வீட்டம்மா சிரித்துக்கொண்டே காபி போடப் போய்விட்டார். ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் உரிய மட்டத்தில் தானாக நின்றது. துவைக்கும்போது டிரெயின் குழாயில் கசியவில்லை. பிழியும்போது தொட்டி பக்கச் சுவரில் இடிக்கவில்லை. மூடியைத் திறந்ததும் சுற்றுவது நின்றது. ஓட்டுவதற்கு முன்பே தொட்டியின் ஒரு மூலையைக் கையால் அமுக்கி விட்டும் பார்த்தேன். மேலே வந்து அடங்கிவிட வேண்டும், ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் தொட்டியைத் தாங்கும் சஸ்பென்ஷன் ராடு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். கடைசியில் மெஷினைச் சாய்த்து அடியில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்றும் பார்த்தேன். இல்லை. பின்பக்க ஸ்டிக்கரில் தயாரித்த வருடம் 2016. பில்லும் வைத்திருந்தார்கள். மோட்டாருக்குப் பத்து வருட வாரண்டி என்று பெருமையாகச் சொன்னார்கள். அதற்கு நான் மதிப்பே கொடுக்கவில்லை. மோட்டார் எங்கே போகிறது? மற்றதெல்லாம்தான் போகும்.

போனதும் அப்படித்தான். இந்த ஆறு வருடத்தில் தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வு இரண்டு தடவை, தலா 650. டிரெயின் மோட்டார் ஒரு தடவை, 900. நாலாவது வருடம் சஸ்பென்ஷன் ராடு நாலும் சேர்த்து 1,400. மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு பழுது 1,800. அந்தப் போர்டு கரண்டால் போகவில்லை, எலியால் போனது. டாப் லோடுக்கு அடிப்பக்கம் திறந்திருக்கும். அந்த வழியாகப் புகுந்து ஒயரைக் கடித்து, ஷார்ட் ஆகி, ஒரு தீபாவளி வாரத்தில் ஐந்து பேர் துணியும் கையால் துவைத்தேன். அடுத்த நாளே அடியில் எலித் தகடு வாங்கிப் போட்டேன். நூற்றுச் சொச்சம் ரூபாய். பழைய மெஷின் வாங்குகிறவர்கள் அதை முதல் நாளே போட்டுவிடுங்கள். ஆக மொத்தம் ரிப்பேர் 5,400, வாங்கிய விலை 6,000, வண்டிக் கூலி 700.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை அந்த வலையைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்ப்பேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, துணி போடாமல், ஒரு வாளி வெந்நீரும் நூறு கிராம் சிட்ரிக் ஆசிடும் ஊற்றி ஓட்டுவேன். பிளீச்சிங் பவுடரை அதோடு சேர்க்கக் கூடாது, விஷ வாயு வரும். பவுடருக்குப் பதில் லிக்விட் போட ஆரம்பித்தபிறகு கறுப்புப் பேன்ட்டில் வெள்ளைத் திட்டு வருவது குறைந்தது. துண்டு மட்டும் இன்னமும் அப்பளம் மாதிரி விறைப்பாகத்தான் காய்கிறது. அதற்கு மெஷின் என்ன செய்யும்!

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. அடுத்த மாதமே என் நாத்தனார் பழைய மெஷின் தேடினாள். பாதி விலைக்கு ஒன்று கிடைத்தது. “தரையில லேசா தண்ணி வந்துச்சு, அவ்வளவுதான்” என்றார் விற்றவர். பின் தகட்டின் நாலு திருகாணியைக் கழற்றச் சொன்னேன். உள்ளே ஒரு சாண் உயரத்துக்கு, கோடு போட்டது மாதிரி காய்ந்த சேறு. டாப் லோடுக்கு மோட்டாரும் கியர் பாக்ஸும் அடியில்தான் இருக்கின்றன, ஒரு சாண் தண்ணீரே போதும். மறுபடியும் மூடிவிட்டு வந்துவிட்டோம். கீழ்ப்பாதிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்த மெஷினைப் பார்த்தாலும் அப்படியே திரும்பிவிடுங்கள்.

எந்தக் கம்பெனி என்று எல்லாரும் கேட்கிறார்கள். சொல்லப் போவதில்லை. எனக்கு உதிர்ந்துபோன அதே கம்பெனியின் ஃபிரண்ட் லோடு கும்பகோணத்தில் என் அக்கா வீட்டில் பன்னிரண்டு வருடமாக ஓடுகிறது. மாடல் நம்பரை எழுதிக்கொண்டு போய், உங்கள் ஏரியா மெக்கானிக்கிடம் போர்டு கிடைக்குமா என்று கேளுங்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் வாங்க வேண்டாம்.

தனியாக இருப்பவர்கள், அதுவும் எங்களைப் போல உப்புத் தண்ணீர் என்றால், துவைத்த துணியை நாமே எடுத்துப் பிழியும் தொட்டியில் போட வேண்டிய பழைய செமி ஆட்டோமேட்டிக் போதும் என்பேன். இரண்டு மோட்டார், இரண்டு டைமர், போர்டே கிடையாது. எந்த மெக்கானிக்கும் அரைமணி நேரத்தில் சரிசெய்துவிடுவார். எங்கள் வீட்டில் அது எடுபடவில்லை. “பாதி வேலையை நாமளே நின்னு செய்யணும்னா அதுக்கு எதுக்கு மெஷின்?” என்று மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

போன மாதத்திலிருந்து பிழிந்து நிற்கும்போது அடியில் ஒரு கரகரப்பு கேட்கிறது. அதே மெக்கானிக் தம்பி வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, கியர் பாக்ஸ் என்றார். மாற்ற 3,500 ஆகுமாம், இல்லையென்றால் இப்படியே இன்னும் கொஞ்ச நாள் ஓடுமாம். போர்வையையும் ஜீன்ஸையும் பாதிப் பாதியாகப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.