தகரக் கூரைப் பட்டறையில் குடியிருப்போருக்கு: பபுள் ஃபாயில் ஷீட் எப்படி?

லேத் பட்டறைக்குள்ளேயே தங்கிக்கொள்பவர்களுக்குப் பகல் இரண்டு மணிக்கு முதல் எதிரி தகரக் கூரைதான். காற்றாடி போட்டால் அந்த அனலைத்தான் கீழே தள்ளும். அந்த வெக்கையைக் குறைக்க, காசுக்கு ஏற்ற பொருள் இரண்டு பக்கமும் அலுமினியம், நடுவில் காற்றுக் குமிழிகள் உள்ள பிளாஸ்டிக் விரிப்பான பபுள் ஷீட். ஆனால் சரியாக மாட்டினால்தான் பலன்.

பலரும் செய்யும் தவறு, தகரத்தோடு ஒட்ட வைத்துவிடுவது. அப்படி ஒட்டினால் சூடு தொட்டே இறங்கிவிடும். மேல்பக்கப் பளபளப்புக்கு வேலையே இல்லை. தகரத்துக்கும் ஷீட்டுக்கும் குறைந்தது ஒரு அங்குல இடைவெளி வேண்டும். பர்லினுக்கு (தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) கீழ்ப்பக்கம் ஜிஐ கம்பியை (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) இரண்டடிக்கு ஒன்றாக இழுத்துக் கட்டி, அதன்மேல் ஷீட்டை விரியுங்கள். இணைப்பில் ஒரு ஷீட்டின்மேல் அடுத்ததை மூன்று அங்குலம் ஏற்றி, அலுமினிய டேப் ஒட்டுங்கள். துணியால் தூசியைத் துடைக்காமல் ஒட்டினால் டேப் ஒரே மாதத்தில் தொங்கும். 10-க்கு 20 அடி அறைக்கு, ஓரமும் சேர்த்து 230 சதுர அடி வாங்கவும்.

வெல்டிங், கிரைண்டிங் நடக்கும் இடத்துக்கு மேல் இதைத் தயவுசெய்து போடாதீர்கள். உள்ளே இருப்பது பாலிஎத்திலீன். பொறி பட்டால் உருகி, எரிந்தபடி சொட்டும். அங்கே ராக்வூல் (தீப்பிடிக்காத கல் இழைப் பஞ்சு)தான். படுக்கும் மூலையில் மட்டும் பபுள் போதும்.

மேற்குச் சுவர் தகரமாக இருந்தால் அங்கும் பபுள் ஷீட்டையே மாட்டுங்கள். கூரை உச்சியில் சூடு வெளியேற டர்பைன் வென்டிலேட்டரும் (காற்றில் தானே சுழலும் உருண்டை), கீழே காற்று நுழைய ஜாலியும் (துளைகள் உள்ள தடுப்பு) வேண்டும்.