நீலக் கோட்டும் சாம்பல் பேன்ட்டும்: 11 ஆண்டு உடுத்திப் பார்த்ததில் தெரிந்தவை

இன்று என் அலமாரியில் இருப்பவை இரண்டு கோட்டு, ஐந்து பேன்ட், ஒன்பது சட்டை, நான்கு டை, மூன்று ஜோடி ஷூ. 11 ஆண்டுகளுக்கு முன்பு இதைப்போல் இரண்டு மடங்கு துணி இருந்தது. ஆனால் அப்போது காலையில் அலமாரி முன்னால் கால் மணி நேரம் நிற்பேன். சட்டையை எடுத்துப் பேன்ட்டோடு வைத்துப் பார்ப்பேன், ஒத்துவராது, திரும்பவும் மாட்டிவிடுவேன். இப்போது விளக்குப் போடாமல் கைக்கு வந்ததை எடுத்தாலும் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடும். வாங்கும் வரிசையை மாற்றியதுதான் இதற்கு முக்கியக் காரணம்.

முதலில் எல்லோரையும் போல நானும் கோட்டிலிருந்துதான் தொடங்கினேன். பழுப்புத் துணியில் பச்சைக் கட்டம், நடுவில் மெல்லியதாகச் செங்கல் நிறக் கோடு. கடையில் மாட்டியிருந்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை, வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் என்னிடம் இருந்த எந்தப் பேன்ட்டும் அதற்குச் சேரவில்லை. அதற்காக ஒரு பேன்ட் வாங்கினேன். அந்தப் பேன்ட்டுக்காக இரண்டு சட்டை. கடைசியில் அந்த நான்கும் தனிக்குடும்பமாக ஒரு மூலையில் தொங்கின. மற்ற துணிகளோடு அவற்றுக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. மூன்று ஆண்டுகளில் அந்தக் கோட்டை ஆறு தடவை போட்டிருப்பேன்.

அப்புறம்தான் தலைகீழாக யோசித்தேன். எந்த உருப்படி மற்ற எல்லாவற்றோடும் சேரும்? நடுத்தரச் சாம்பல் நிறக் கம்பளிப் பேன்ட். கரியும் இல்லாமல் வெள்ளிச் சாம்பலும் இல்லாமல், ஈர சிமென்ட் காயும்போது வருமே, அந்த நிறம். இதன் மேல் நீலம், பழுப்பு, ஆலிவ் பச்சை என எந்தக் கோட்டு வந்தாலும் ஏற்கும். கீழே கறுப்பு ஷூவும் சரி, பழுப்பு ஷூவும் சரி. அதனால் யாராவது என்னிடம் எங்கே தொடங்குவது என்று கேட்டால் முதலில் சாம்பல் பேன்ட் இரண்டு வாங்குங்கள் என்பேன். ஒன்று நடுச் சாம்பல், இன்னொன்று கொஞ்சம் வெளிர். கோட்டு ஆறு மாதம் காத்திருக்கட்டும்.

கோட்டு என்று வரும்போது அடர்நீலம். கறுப்பு பாதுகாப்பான நிறம் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் கறுப்புதான் சேர்ப்பதற்குச் சிரமமானது. 1820-களில் பாரிசின் கோபெலன் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரூலிடம், கறுப்புச் சாயத்தில் அழுத்தம் இல்லை என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தால் அதில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் கறுப்பை மங்கலாகக் காட்டியிருந்தன. இதைப் படித்த பிறகுதான் என் கறுப்புப் பேன்ட், நீலச் சட்டைக்குக் கீழே ஏன் சாயம்போனது மாதிரி தெரிந்தது என்று புரிந்தது. ஒரு துணியின் நிறம் அந்தத் துணியில் மட்டும் இல்லை, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. ஆகவே கடைக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் பேன்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். சன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். கடை விளக்கில் அடர்நீலமும் கறுப்பும் ஒன்றுபோலவே தெரியும்.

நிறத்தைவிடப் பெரிய விஷயம் தோள். கோட்டில் கையைச் சுருக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம், நீளத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். தோளைத் திருத்துவது ஏறக்குறைய புதிதாகத் தைப்பதற்குச் சமம், நல்ல தையற்காரரே வேண்டாம் என்பார். போட்டுக்கொண்டு கைகளைச் சும்மா தொங்கவிட்டுக் கண்ணாடியில் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். தோள் முடிகிற இடத்துக்குக் கீழே, கையின் மேற்பகுதியில் விரலால் அமுக்கிய மாதிரி ஒரு குழி விழுந்தால் தோள் அகலம் அதிகம். துணி மேலே பிதுங்கிக் கை முட்டினால் அகலம் போதவில்லை. அடுத்து கழுத்துக்குப் பின்னால் பாருங்கள். கோட்டின் காலர் சட்டைக் காலரைத் தொட்டபடி படிந்திருக்க வேண்டும். கையை நீட்டும்போது அங்கே இடைவெளி விட்டால் அந்தக் கோட்டை விட்டுவிடுங்கள். என் முதல் நீலக் கோட்டில் இந்த இடைவெளி இருந்தது. கொஞ்ச நாளில் பழகிவிடும் என்றார் கடைக்காரர். நான்கு ஆண்டு போட்டும் பழகவில்லை.

அந்தக் கோட்டு இன்னொரு பாடமும் சொல்லிக் கொடுத்தது. மூன்றாம் ஆண்டில், டிரை கிளீனிங் போய்வந்த பிறகு, மார்புப் பக்கம் சின்னச் சின்னக் கொப்புளங்களாகத் துணி எழும்பியது. உள்ளே வடிவத்துக்காக வைத்திருந்த பியூசிங், அதாவது பசையால் ஒட்டிய துணி, மேல் துணியிலிருந்து விட்டுவிட்டது. இஸ்திரி போட்டால் இரண்டு நாள் அடங்கும், திரும்பவும் எழும்பும். எல்லாப் பசைக் கோட்டுக்கும் இப்படி ஆகும் என்றில்லை, இப்போது நல்ல பியூசிங்கும் வருகிறது. ஆனால் கேன்வாஸ், அதாவது பசை இல்லாமல் தையலால் பிடித்த விறைப்பான உள்படலம், வைத்துத் தைத்த கோட்டில் ஒட்டும் வேலை இல்லாததால் இந்தப் பயமும் இல்லை, ஆண்டுகள் போகப் போக மார்புக்கேற்ப அது படிந்தும் வருகிறது. வாங்குமுன் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பொத்தான் துளைக்குப் பக்கத்தில் மேல் துணியை இரண்டு விரலால் பிடித்து, மறுகையால் உள்துணியைப் பிடித்து மெதுவாகப் பிரித்து இழுங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு படலம் தனியாக நழுவினால் கேன்வாஸ். என் இரண்டாவது நீலக் கோட்டை இப்படித் தடவிப் பார்த்துத்தான் எடுத்தேன். எட்டு ஆண்டாகிறது, மார்பில் ஒரு சுருக்கம் இல்லை.

துணியின் பட்டியில் சூப்பர் 120, சூப்பர் 150 என்று போட்டிருப்பார்கள். எண் பெரிதானால் தரம் பெரிது என்று நானும் நம்பினேன். அது கம்பளி இழையின் நுண்மையை மட்டும் சொல்கிறது. சூப்பர் 100 என்றால் இழையின் விட்டம் 18.75 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகக்கூடாது, சூப்பர் 150 என்றால் 16.25 மைக்ரான். நுண்ணிய இழை தொட்டால் வழவழவென்று இருக்கும், ஆனால் சீக்கிரம் கசங்கும், தேயும். நான் ஆசைப்பட்டு வாங்கிய சூப்பர் 150 பேன்ட் இரண்டே ஆண்டில் தொடை உரசும் இடத்தில் பளபளத்து நைந்தது. அதே காலத்தில் வாங்கிய, முறுக்கு அதிகமான நூலில் நெய்த முரட்டுச் சாம்பல் பேன்ட்டை இன்றும் வாரம் ஒரு தடவை போடுகிறேன். இரவில் மாட்டிவைத்தால் காலையில் முழங்கால் சுருக்கம் தானாகப் போயிருக்கும்.

எனக்கு எது பிடிக்கும் என்பதை நான் கண்டுபிடித்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஓர் ஆண்டுத் தொடக்கத்தில் எல்லா ஹேங்கர்களின் கொக்கியையும் பின்பக்கமாகத் திருப்பி மாட்டினேன். ஒரு துணியைப் போட்டுத் துவைத்துத் திரும்ப வைக்கும்போது மட்டும் நேராக மாட்டுவேன். ஆண்டு முடிவில் பார்த்தால், எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று நான் ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்த கட்டம் போட்ட சட்டைகள் பாதிக்கு மேல் திரும்பாமலே கிடந்தன. நேராகியிருந்தவை எல்லாம் ஒரே நிறத் துணிகள், ஆனால் நெசவு கண்ணுக்குத் தெரிகிற துணிகள்: ஆக்ஸ்ஃபர்டு நெசவுச் சட்டை, சொரசொரப்பான லினன், கூடை முடைந்ததுபோல் நெய்த ஹாப்சாக் கோட்டு. தூரத்தில் நின்றால் வெறும் நீலம், கைகொடுக்கும் தூரத்தில் வந்தால் இழை இழையாகத் தெரியும். எனக்குப் பிடித்தது அதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடையில் மனம் சொல்வதைவிட, அவசரமான காலையில் கை போகிற இடத்தை நான் அதிகம் நம்புகிறேன்.

சட்டையில் இன்னொன்று. நான் மாநிறத்துக்குச் சற்றுக் கூடுதலான கறுப்பு. பளீர் வெள்ளைச் சட்டை எனக்கு நன்றாகவே எடுக்கும், முகத்துக்கும் துணிக்கும் இடையே அந்த வேறுபாடு அழகு. வெளிர் நீலமும் இளம் சந்தனமும் அதைவிடச் சாந்தமாக இருக்கும். எனக்குச் சேராதது மண் நிறச் சட்டை, முகமும் சட்டையும் ஒன்றாகக் கலந்து சோர்வாகத் தெரியும். அதே நிறம் பேன்ட்டில் வந்தால் எந்தக் குறையும் இல்லை. ஆகவே ஒரு நிறம் நமக்குப் பொருந்தாது என்று முழுக்க ஒதுக்குவதற்கு முன், அதைக் கழுத்திலிருந்து இறக்கி இடுப்புக்குக் கீழே வைத்துப் பாருங்கள்.

கோடு, கட்டம், புள்ளி இவற்றைச் சேர்ப்பதற்கு ஒரே ஒரு கணக்குத்தான் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே அளவில் இருக்கக்கூடாது. சட்டையில் நெருக்கமான கோடு என்றால் டையில் அகலக் கோடு. மூன்றாவதாக ஒன்று வேண்டாம்.

டையில் என் கை எப்போதும் போவது, முடிச்சு முடிச்சாகத் தெரியும் கிரெனடின் நெசவுப் பட்டு, அடர்நீலம். முடிச்சு ஃபோர் இன் ஹேண்ட்தான், எளிதானது, கொஞ்சம் கோணலாக விழும், அந்தக் கோணல்தான் அழகு. தடித்த முக்கோண முடிச்சுக்கு வின்சர் முடிச்சு என்று பெயர் இருந்தாலும் வின்சர் கோமகன், அதாவது முடிதுறந்த பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டு, போட்டது சாதாரண ஃபோர் இன் ஹேண்ட். அவருடைய டைகளில் உள்துணி தடிமனாக வைத்துத் தைத்திருந்ததால் முடிச்சு பெரிதாகத் தெரிந்தது. கழற்றும்போது சின்ன முனையைப் பிடித்து உருவாதீர்கள், கட்டிய வழியிலேயே அவிழுங்கள். 1920-களில் நியூயார்க்கில் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் கண்டுபிடித்த முறையில் டைத் துணியைக் குறுக்காக, 45 பாகையில் வெட்டி மூன்று துண்டாகச் சேர்க்கிறார்கள். அதனால்தான் கசங்கிய டை ஓர் இரவு தொங்கினால் தானே நேராகிறது. உருவி இழுத்தால் உள்ளே ஓடும் தளர்தையல் அறுந்து, அந்தக் குணம் போய்விடும். இரண்டு டைகளை இப்படி இழந்திருக்கிறேன்.

ஷூவில் அடர்பழுப்பு டெர்பியே, அதாவது கயிறு கட்டும் பட்டிகள் மேலே திறந்திருக்கும் வகையே, முதல் ஜோடியாக இருக்கட்டும். வெல்ட், அதாவது மேல் தோலையும் அடியையும் இணைக்கும் பட்டை, வைத்துத் தைத்ததாகப் பாருங்கள், அடியைப் பிரித்துப் புதிதாகப் போட முடியும். என் ஜோடிக்கு இரண்டு தடவை அடி மாற்றியாயிற்று, மேல் தோல் இன்னும் நன்றாக இருக்கிறது. ஒருநாள் போட்டால் மறுநாள் ஓய்வு, உள்ளே ஷூ வடிவ மரக்கட்டை. தோல் குடித்த வியர்வை காய ஒரு நாளாவது வேண்டும்.

கோட்டை நான் டிரை கிளீனிங்குக்கு அனுப்புவது ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவைதான். கழற்றியவுடன் பிரஷ் போட்டு மேலிருந்து கீழாகத் தேய்த்து, அகலத் தோள் உள்ள ஹேங்கரில் காற்றாட மாட்டிவைக்கிறேன்.

போன மாதம் அந்த இரண்டாவது நீலக் கோட்டின் உள்துணி அக்குள் பக்கம் கிழிந்துவிட்டது. தையற்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, மேல் துணி இன்னும் பல ஆண்டு வரும், லைனிங் மட்டும் மாற்றினால் போதும் என்றார். பழையது அடர்நீலம். இந்தத் தடவை செங்கல் நிறம் கேட்டிருக்கிறேன், அந்த முதல் பழுப்புக் கோட்டில் ஓடிய மெல்லிய வரியின் நிறம். அடுத்த வாரம் வருகிறது.