டிரெய்லரா, வேனா? பிரிட்டனில் காருக்குப் பின்னால் பாரம் கட்டும் முன் ஒரு கணக்கு

ஊரில் டிரெய்லர் என்றால் டிராக்டருக்குப் பின்னால் கரும்பு ஏற்றிக்கொண்டு, சாலையை முக்கால்வாசி அடைத்தபடி ஊர்ந்து போகும் சமாசாரம். சொந்தக் காருக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி இழுத்துப் போகலாம் என்பதே இங்கிலாந்து வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். இப்போது என் வீட்டுப் பின்கட்டில் அப்படி ஒன்று தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. பிரேக் இல்லாத, ஒற்றை அச்சு டிரெய்லர்.

பொங்கல் விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சங்கத்துத் தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணா, நாற்காலி, மேசை, அண்டா எல்லாம் ஹாலுக்குக் கொண்டுபோகணும். வேன் எடுத்தா நூறு பவுண்டு போயிடும். உங்க டிரெய்லரைக் கொடுங்களேன். என் கார்ல டோ பார் இருக்கு."

டோ பார் என்பது டிரெய்லரை மாட்டுவதற்காகக் காருக்குப் பின்னால் பொருத்துகிற கொக்கிக் கம்பி. கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. அவன் கார் அதை இழுக்கலாமா என்பதுதான் கேள்வி. உட்கார்ந்து மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்: என்னிடம் இருப்பது போன்ற பிரேக் இல்லாத டிரெய்லர், வாடகைக்குக் கிடைக்கும் பிரேக் வைத்த டிரெய்லர், ஒரு நாள் வேன்.

லைசென்ஸ் விஷயத்தில் இப்போது மூன்றுக்கும் வித்தியாசமே இல்லை. முன்பு இருந்தது. 1997 ஜனவரி 1 முதல் கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்கள் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லரை இழுத்தால், காரும் டிரெய்லரும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தனியாக ஒரு டெஸ்ட். இந்திய லைசென்ஸை இங்கே அப்படியே மாற்றிக்கொள்ள முடியாது என்பதால், நம்மில் பெரும்பாலோர் இங்கே புதிதாக டெஸ்ட் கொடுத்த அந்தக் கூட்டம்தான். 2021 டிசம்பர் 16 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் அந்தத் தனி டெஸ்டையே எடுத்துவிட்டார்கள். சாதாரண கார் லைசென்ஸ் இருந்தால் 3,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம். வேனும் அதே 3,500 கிலோ வரை ஓட்டலாம்.

இதைக் கேட்டதும் பலர் "அப்ப பிரச்சினை முடிஞ்சுது" என்று கிளம்பிவிடுகிறார்கள். லைசென்ஸ் ஆளுக்குத் தருகிற அனுமதி. காருக்கு எவ்வளவு அனுமதி என்பது வேறு இடத்தில் எழுதியிருக்கிறது.

கதவிடுக்கில் நான்கு எண்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், பெரும்பாலான கார்களில் கதவு மூடும் தூணில் ஒரு சின்னத் தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். சில கார்களில் பானெட்டுக்கு அடியில். அதில் நான்கு எடைகள். முதலாவது, ஆள், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு கார் அதிகபட்சம் இருக்கக்கூடிய மொத்த எடை. இரண்டாவது, காரும் டிரெய்லரும் சேர்ந்த அதிகபட்ச எடை. மற்ற இரண்டும் முன், பின் அச்சுகளுக்கு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், கார் நிறைந்திருக்கும்போது எவ்வளவு இழுக்கலாம் என்று தெரிந்துவிடும்.

தம்பி டார்ச் அடித்துப் படித்தான்: 1,850, அதற்குக் கீழே 3,050. கழித்தால் 1,200 கிலோ. முகம் மலர்ந்தது. அந்த இரண்டாவது எண்ணே இல்லாத கார்களும் உண்டு. அப்படியென்றால் அந்த வண்டிக்கு இழுக்கும் அனுமதியே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 2009இல் வந்த மாடல் டொயோட்டா பிரியஸ், நிசான் லீஃபின் முதல் இரண்டு மாடல்கள் எல்லாம் இந்த வகை. பின்னால் கொக்கி இருக்கிறதே என்று பார்த்து ஏமாறக் கூடாது, சைக்கிள் மாட்டுவதற்காக வைத்ததாக இருக்கலாம். 1998 ஆகஸ்ட் 1 முதல் பதிவான கார்களுக்கு, அந்த மாடலுக்கென்றே அங்கீகாரம் பெற்ற டோ பார்தான் பொருத்த வேண்டும். லேத்தில் கொடுத்து வெல்டு அடித்து மாட்டுகிற நம்மூர் கைவண்ணம் இங்கே செல்லாது.

பிரேக் இல்லாதது

1,200 என்றதும் தம்பி சந்தோஷப்பட்டானே, அந்த எண் பிரேக் உள்ள டிரெய்லருக்குத்தான். பிரேக் இல்லாததற்குக் கணக்கு வேறு. 750 கிலோ, அல்லது காரின் வெற்று எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அதுதான் எல்லை. அவன் கார் 1,320 கிலோ, பாதி 660. காரின் கையேட்டில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 650 என்று போட்டிருந்தது. ஆக 650. என் டிரெய்லரின் இடப்பக்கம் 750 என்று பொறித்திருப்பது அவனுக்கு எந்த விதத்திலும் உதவாது. அது டிரெய்லர் தாங்கும் எடை, அவன் கார் இழுக்கலாம் என்கிற எடை அல்ல.

இதில் டிரெய்லரின் சொந்த எடை 140. மிச்சம் 510. இனி சாமான்: மடக்கு நாற்காலி அறுபது, ஒன்று நாலு கிலோ வீதம் 240. மேசை பத்து, பதினைந்து கிலோ வீதம் 150. அரிசி, பருப்பு 100. அண்டா, அடுப்பு, கரண்டி வகையறா ஒரு 60. மொத்தம் 550. நாற்பது கிலோ அதிகம். இரண்டு அரிசி மூட்டையைத் தூக்கி டிக்கியில் போட்டால் சட்டம் ஒத்துக்கொள்ளும், அந்த அளவுக்கு நூலிழைதான்.

எடை சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், இடம்? அறுபது நாற்காலியையும் பத்து மேசையையும் அந்தக் குட்டிப் பெட்டியில் அடுக்கினால் தேர் மாதிரி நிற்கும். கட்டு தளர்ந்து ஒரு மேசை சாலையில் விழுந்தாலும் கேஸ் ஓட்டுநர் மீதுதான். மேலும், பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அறுநூறு கிலோவையும் காரின் பிரேக் மட்டும்தான் நிறுத்தியாக வேண்டும். ஈரச் சாலையில் ஒரு முறை பின்னாலிருந்து அது தள்ளுவதை உணர்ந்தவர்கள் அப்புறம் தானாகவே மெதுவாக ஓட்டுவார்கள்.

இதற்கு நல்ல பக்கமும் உண்டு. விலை சில நூறு பவுண்டுதான். எம்.ஓ.டி. என்கிற வருடாந்திர வண்டிப் பரிசோதனை கிடையாது, சாலை வரி கிடையாது. தோட்டத்துக் குப்பை, பழைய சோபா, குடும்பத்தோடு கேம்பிங் போகும்போது கூடாரம் என்று இலேசான வேலைக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை.

பிரேக் உள்ளது

ஏற்றிய எடை 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்கு வேலை செய்கிற பிரேக் கட்டாயம். இந்தப் பிரேக்குக்குக் காரிலிருந்து குழாய் எதுவும் போவதில்லை. கார் நிற்கும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் அல்லவா? அந்தத் தள்ளலே கொக்கிக்குப் பின்னால் உள்ள தண்டை உள்ளே அழுத்தி, கம்பியை இழுத்து, டிரெய்லர் சக்கரத்தின் டிரம் பிரேக்கைப் பிடிக்க வைக்கிறது. எளிமையான ஏற்பாடு.

தம்பியின் காரில் இதன் எல்லை 1,200. டிரெய்லரே 280 கிலோ என்றாலும் 920 கிலோ ஏற்றலாம். இரண்டு டிரெய்லருக்கும் நடுவில் பெரிய இடைவெளி இங்கேதான்: பிரேக் இல்லாததில் 510, இதில் 920, அதே காருக்கு. ஆனால் விலை ஆயிரம் பவுண்டுக்கு மேல் போகும், பிரேக்கை வருடா வருடம் பார்த்துச் சரிசெய்ய வேண்டும், நிறுத்தி வைக்க இடமும் கூடுதலாக வேண்டும். வாடகைக்கு எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை.

கழன்றுபோனால் என்ன ஆகும் என்பதிலும் இரண்டுக்கும் விதி வேறு. பிரேக் உள்ளதில் பிரேக்அவே கேபிள் என்று ஒரு மெல்லிய வயர் உண்டு. டிரெய்லர் காரைவிட்டுப் பிரிந்தால் அது டிரெய்லரின் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு அறுந்துவிடும். பிரேக் இல்லாததற்கு ஒரு சங்கிலி. கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாத அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும். நிறைய பேர் அந்தச் சங்கிலியை வெறும் அலங்காரமாகத் தொங்கவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு டிரெய்லருக்கும் பொதுவான தொல்லைகள்

முதலில் நம்பர் பிளேட். டிரெய்லருக்கென்று தனி எண் இல்லை, இழுக்கிற காரின் எண்ணைத்தான் பின்னால் மாட்ட வேண்டும். மஞ்சள் பிளேட், இரவில் அதற்கு விளக்கு. நான் முதல் முறை இரவல் டிரெய்லர் எடுத்தபோது இது தெரியாமல், உரிமையாளரின் கார் எண்ணோடு பதினோரு மைல் ஓட்டிப்போய், இறங்குமிடத்தில் நண்பர் சொல்லித்தான் விழித்தேன். திரும்பும் வழியெல்லாம் போலீஸ் கார் தெரிகிறதா என்று கண்ணாடியைப் பார்த்தபடியே வந்தேன். பிளேட் செய்கிற கடையில் லாக்புக் என்கிற கார் பதிவுச் சான்றும் அடையாள அட்டையும் கேட்பார்கள், அதனால் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது விளக்கு. பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், சிவப்பு முக்கோண ரிஃப்ளெக்டர் இரண்டு. டிரெய்லர் 1.3 மீட்டருக்கு மேல் அகலமென்றால் ஃபாக் லைட்டும். இந்த விளக்குகளுக்குக் காரிலிருந்துதான் மின்சாரம். என் டிரெய்லரில் ஏழு ஊசிப் பிளக், தம்பி காரில் பதின்மூன்று ஊசிக்கான சாக்கெட். நடுவில் ஓர் அடாப்டர் போட்டால் சரி, அது இல்லாமல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நின்றால் அந்த நாள் போச்சு. டிரெய்லர் காரைவிட அகலமாக இருந்து பின்பக்கம் சரியாகத் தெரியாவிட்டால் நீட்டுக் கண்ணாடி வேண்டும். அது இல்லாமல் போலீஸிடம் மாட்டிக்கொண்டால் 1,000 பவுண்டு வரை அபராதமும், லைசென்ஸில் மூன்று தண்டனைப் பாயிண்டும். காரோடு இணைக்காமல் தெருவில் இரவில் நிறுத்துவதானால் டிரெய்லருக்கு விளக்கு எரிய வேண்டும் என்று விதி. அதனால்தான் என்னுடையது பின்கட்டில் தூங்குகிறது.

வேகம்: நடுவில் தடுப்பு இல்லாத ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், நடுவில் தடுப்பு வைத்துப் பிரித்த இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 60. மூன்று அல்லது அதற்கு மேல் தடங்கள் உள்ள மோட்டார்வேயில் வலதுகோடித் தடத்துக்குப் போகக் கூடாது.

இன்சூரன்ஸை ஒரு முறை எடுத்துப் படிக்க வேண்டும். டிரெய்லர் அடுத்தவர் மேல் இடித்தால் கார் பாலிசி பொதுவாகக் கவனித்துக்கொள்ளும். டிரெய்லருக்கோ சாமானுக்கோ ஒன்று ஆனால் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள். சமையல் ஆர்டர் எடுத்துத் தொழிலாகச் செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: காரும் டிரெய்லரும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டினால் டேக்கோகிராஃப் (ஓட்டும் நேரத்தைப் பதிவு செய்கிற கருவி) விதிகள் குறுக்கே வரக்கூடும்.

சட்டத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரிவர்ஸ் எடுப்பதில் பெரிய டிரெய்லரைவிடச் சின்னதுதான் படுத்தும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலே சடாரென்று மடங்கிக்கொள்ளும். கண்ணாடியிலும் தெரியாது. காலியான கார் பார்க்கில் அரை மணி நேரம் பழகாமல் ஹால் வாசலில் பின்னால் எடுக்கப் போனால், பொங்கல் பார்க்க வந்த கூட்டத்துக்கு நீங்கள்தான் முதல் நிகழ்ச்சி.

வேன்

வேனுக்கு இந்தப் பட்டியலில் பாதி தேவையில்லை. பிளேட், பிளக், சங்கிலி, நீட்டுக் கண்ணாடி எதுவும் வேண்டாம். வாடகைக் கடையில் லைசென்ஸோடு, லைசென்ஸ் தருகிற அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ.வின் இணையதளத்தில் எடுத்த செக் கோடு கேட்பார்கள். நம் லைசென்ஸ் விவரத்தை அவர்கள் பார்க்க உதவுகிற எண் அது. 21 நாள் செல்லும். வேகத்தில் டிரெய்லரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் மோட்டார்வேயில் மட்டும்தான்: வேனுக்கு 70. 120 மைல் தூரத்துக்கு அதனால் மிச்சமாவது பதினேழு நிமிடம். லண்டனில் புகை அதிகம் விடும் பழைய வண்டிகளுக்குப் போடுகிற யூலெஸ் கட்டணமான 12.50 பவுண்டுக்கும் பயமில்லை, வாடகை வேன்கள் பெரும்பாலும் புதியவை.

ஆனால் வேனில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்ற நினைப்பு வேண்டாம். ஓட்டுநர் தலைக்கு மேலும் நீளும் பெரிய பெட்டி வைத்த லூட்டன் வேனில் இடம் ஏராளம், ஆனால் அந்தப் பெட்டியும், சாமானை ஏற்றி இறக்கப் பின்னால் உள்ள டெயில் லிஃப்டும் எடையைத் தின்றுவிடுவதால் ஏற்றக்கூடியது ஆயிரம் கிலோ சுற்றுவட்டாரம்தான். வீடு காலி செய்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். அதிக பாரத்துக்கு அபராதம் 100 பவுண்டில் தொடங்குகிறது. விபத்தானால் முதலில் நம் பையிலிருந்து போகும் தொகையையும் கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டும். சில இடங்களில் அது ஆயிரத்தைத் தாண்டும்.

என் தீர்ப்பு: வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, அதுவும் கனத்தைவிட இடத்தை அடைக்கிற சாமான் என்றால் வேன். மாதம் ஒரு முறையாவது இலேசான பாரம் என்றால் பிரேக் இல்லாத டிரெய்லர். பிரேக் உள்ளதை வாரக்கடைசி ஸ்டால் போடுகிறவர்களுக்குத்தான் சொல்வேன், அதுவும் கதவிடுக்கைப் பார்த்த பிறகு.

தம்பி வேன் எடுத்தான். 550 கிலோ அதில் சும்மா உட்கார்ந்தது, நாற்காலிக்கு மேல் கரும்புக்கட்டையும் செருகினோம். திங்கட்கிழமை சாயங்காலம் கதவு தட்டினான். ஹாலில் மிஞ்சிய வாழை இலை, கரும்புச் சக்கை, அட்டைப்பெட்டி எல்லாம் கவுன்சில் குப்பைக் கிடங்குக்குப் போக வேண்டும். எங்கள் கவுன்சிலில் வேனுக்குப் பெர்மிட் வேண்டும், சின்ன டிரெய்லருக்கு வேண்டாம். டிரெய்லர் கேட்டு வந்தவன் கையில் அவன் கார் எண் போட்ட மஞ்சள் பிளேட் இருந்தது.